ஆறரை கிராம் நூல், 35 கிலோ நாய்

இமாசலத்தின் தீர்த்தன் நதியில், இருப்பதே தெரியாத தூண்டிலோடு ஒரு காலை. சிக்குவதோ கால் கிலோகூடத் தேறாத மீன். ஆனால் அந்த மீனைக் காட்டித்தான் ஒரு நதி மின் திட்டங்களிலிருந்து தப்பியது.

தூண்டில் கழி 75 கிராம்கூட இருக்காது. அதிலிருந்து பாயும் நூலின் முதல் 9 மீட்டர் ஆறரை கிராம். ஒரு சவரன் தங்கத்தைவிடக் குறைவு. நுனியில் கட்டியிருக்கும் பொய்ப் பூச்சியை உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இந்த ஏற்பாட்டில் கனமான சமாசாரம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஷேரு. எடை சுமார் 35 கிலோ. கறுப்பு உடம்பு, மார்பில் வெள்ளைத் திட்டு, கழுத்தைச் சுற்றி அடர்த்தியாகப் பிடரி மயிர், உலக்கை மாதிரிக் கால்கள். காலடி அதிர்ந்தாலே ஓடி ஒளியும் மீனைப் பிடிக்கப் போகிறவர் இப்படியொரு பிராணியை எதற்காகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்? இதற்குப் பதில் தெரிய ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேவைப்பட்டது.

இடம், இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டம். மணாலி போகும் நெடுஞ்சாலையில் ஔட் என்ற ஊரில் எல்லா வாகனங்களும் நேராகப் போக, வலது பக்கம் ஒரு சாலை பிரிகிறது. லார்ஜி, பஞ்சார் என்று ஏறிப் போனால் குஷைனி. அங்கே ஃபலாசன் என்ற ஓடை தீர்த்தன் நதியில் வந்து விழுகிறது. அதற்கும் மேலே சாலை தேய்ந்து ஒற்றையடிப் பாதையாகி, கடைசியில் இமாலயப் பெரும் தேசியப் பூங்காவின் வாசலில் போய் நிற்கிறது. ஷேருவின் எஜமானர் பஞ்சார் பக்கத்தில் ஒரு சிறிய ஆப்பிள் தோட்டமும், வீட்டோடு சேர்த்து இரண்டு விருந்தினர் அறைகளும் வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு: தன் பெயரைப் போடக் கூடாது, மீன் பிடித்த மடுவின் பெயரையும் போடக் கூடாது. முதலாவதைவிட இரண்டாவதில்தான் அதிகக் கண்டிப்பு.

மாதம் அக்டோபர். மழைக்காலக் கலங்கல் அடங்கி, நதி கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். காலை ஆறரை மணிக்கே கரைக்கு வந்தாயிற்று. ஆனால் தூண்டில் உறையைவிட்டு வெளியே வரவில்லை. பள்ளத்தாக்கு குறுகலானது, வெயில் எதிர்மலையின் உச்சியில் மட்டும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தண்ணீருக்கு இறங்கி வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை பூச்சிகள் அசையாது. பூச்சி அசையாமல் மீனும் மேலே வராது. டிரவுட் குளிர்ந்த நீரின் மீன்தான். 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் உற்சாகமாக இரை தேடும். அதற்குக் கீழே போனால் மந்தம். 20 டிகிரியைத் தாண்டினால் மூச்சுத் திணறல். ஃபிளாஸ்கில் இருந்து டீ வருகிறது. ஷேருவுக்கு அரை ரொட்டி.

காத்திருக்கும் நேரத்தில் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம். நம் ஊர் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர் முள்ளுக்கு மேலே ஒரு ஈயக் குண்டைக் கட்டுகிறார். வீசும்போது குண்டு பறக்கிறது. அது நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பொய்ப் பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். பூச்சிக்கு எடையே கிடையாது. எனவே நூலுக்கே எடை கொடுத்து, அந்த நூலைத் தலைக்கு மேல் பின்னும் முன்னுமாகச் சாட்டைபோல வளைத்து விடுகிறார்கள். நூல் விரியும்போது பூச்சி சும்மா கூடவே போய், கடைசியில் இறகு விழுகிற மாதிரித் தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகக் கற்பவருக்கு அது பெரும்பாலும் சட்டைக் காலரிலும் மரக்கிளையிலும்தான் இறங்குகிறது.

நூலின் எடைக்கு உலகம் முழுக்க ஒரே வரிசை எண் உண்டு. பெரிய சால்மன் மீனுக்கு எட்டு, ஒன்பது என்று போவார்கள். சாதாரண டிரவுட்டுக்கு ஐந்து. மூன்றும் அதற்குக் கீழும் ‘அல்ட்ராலைட்’. குலுவின் ஓடைகளுக்கு இதுதான் பொருத்தம் என்று வாதிடுகிறார் ஷேருவின் எஜமானர். இங்கே மடுக்கள் சின்னவை. ஐந்து, ஆறு மீட்டருக்கு மேல் வீச வேண்டிய அவசியமே வராது. கனத்த நூல் தண்ணீரில் விழும் சத்தத்துக்கே மடு காலியாகிவிடும். பூச்சியைக் கட்டும் கடைசித் துண்டு நரம்பின் தடிமன் 0.13 மில்லிமீட்டர். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அதில் முடிச்சுப் போட அவரால் முடிவதில்லை. அவர் கண்ணாடியைத் தேட, ஷேரு பொறுமையாகக் கொட்டாவி விடுகிறது.

சிகரெட் பெட்டி அளவுள்ள டப்பாவில் இருபது, முப்பது பொய்ப் பூச்சிகள். ரோமம், இறகு, பட்டு நூல், செப்புக் கம்பி. இவற்றைச் சேர்த்து ஒரு முள்ளில் சுற்றிப் பூச்சியாக்குவது தனிக் கைத்தொழில். வெளிநாட்டு விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். விக்டோரியா காலத்து சால்மன் பூச்சிகளில் கண் மாதிரி மினுங்கும் ஒரு இறகு தவறாமல் இருக்கும். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்து இறகு. அந்த ஒரு இறகுக்காகக் காட்டுக்கோழிகள் கொன்று குவிக்கப்பட்டன. இன்று அதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளந்து ஒட்டித் தூண்டில் கழி செய்த அமெரிக்கர்கள் முதலில் நாடியதும் ‘கல்கத்தா மூங்கில்’ என்ற பெயரில் இங்கிருந்து போன சரக்கைத்தான். சீன மூங்கில் பிறகுதான் வந்தது. இப்போது கழி கார்பன் இழை. இவருடையது பழசு, ஒரு விருந்தாளி விட்டுப்போனது. புதிதாக வாங்கினால் விலை, தோட்டத்தில் பல மரங்களின் ஒரு வருட மகசூலுக்குச் சமம் என்று சிரிக்கிறார்.

ஷேருவின் இனத்துக்குப் பெயர் கத்தி. ஆயுதமல்ல, ஆடுகளோடு மலை மலையாக ஏறி இறங்கும் மேய்ச்சல் சமூகத்தின் பெயர் அது. நாய்க்கும் அதே பெயர். சிறுத்தையை எதிர்த்து நிற்பதற்காகவே வளர்க்கப்பட்ட ஜாதி. மந்தையோடு போகும்போது கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை போடுவார்கள், சிறுத்தை முதலில் கழுத்தைத்தான் கவ்வும் என்பதால். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோள் ஆகியவற்றுக்குப் பிறகு, 2025-ல் மத்திய அரசின் கால்நடை மரபுவளப் பணியகம் பதிவு செய்த நான்காவது உள்நாட்டு நாய் இனம் இதுதான். இமயமலையிலிருந்து முதலாவது.

தண்ணீரில் எறிந்ததை நீந்திப்போய் எடுத்து வரும் வேட்டை நாய்கள் வெள்ளைக்காரர்களின் மீன்பிடிப் படங்களில் நிறைய உண்டு. ஆனால் டிரவுட் ஓடையில் அப்படிப்பட்ட நாயால் உபத்திரவம்தான். தண்ணீரைக் கண்டால் குதிக்கும். கத்தி நாய்க்கு நீச்சலில் ஆசை இல்லை. எதையும் கொண்டுவந்து கொடுக்கும் பழக்கமும் இல்லை. அதன் ரத்தத்தில் ஊறியிருக்கும் வேலை ஒன்றுதான்: ஓர் உயரமான இடத்தில் உட்கார்ந்து, தன் மந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பது. இங்கே மந்தை, ஒரே ஒரு மனிதர்.

எட்டரை மணி சுமாருக்கு வெயில் தண்ணீரைத் தொடுகிறது. முதல் மடு. மீனுக்குப் பின்னாலிருந்து, அதாவது நீரோட்டத்துக்கு எதிராகக் கீழேயிருந்து மேலே போக வேண்டும். டிரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும்; வருகிற இரையை அப்படியே வாயில் வாங்கிக்கொள்ளலாம். அதன் பார்வை பக்கவாட்டிலும் மேலேயும் விரிந்தது. நேர் பின்னால் மட்டும் தெரியாது. கரை மேல் நிமிர்ந்து நிற்கிற ஆள், நீரில் ஒளி வளைவதால், அவர் நினைப்பதைவிட முன்பே மீன் கண்ணில் பட்டுவிடுவார். எனவே குனிந்து, கடைசிச் சில அடிகள் முழங்காலில் நடை. அதிர்வு இன்னும் மோசம். மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு, கல் உருளுவதைக்கூடக் கேட்டுவிடும்.

ஷேரு மடுவுக்குப் பத்தடி பின்னால், ஒரு பாறை மேல். அதற்குத் தெரிந்த கட்டளைகள் மூன்றே. உட்கார், இரு, வா. மூன்றும் கை அசைவில். உட்கார்ந்ததும் நாய் அடங்கிவிடுவதில்லை. தலையைத் திருப்பும், காற்றை முகரும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்காரும். அது மூக்கை முன்னங்கால் மேல் வைத்துப் படுக்கும்வரை அவர் கழியைத் தூக்குவதில்லை. ஐந்து நிமிஷம் ஆகிறது. சில மடுக்களில் பத்து.

இங்கேதான் முதல் கேள்விக்குப் பதில். நாய் வருவதற்கு முன்னால், மடுவை அடைந்ததும் வீசிவிடுவார். நடந்து வந்த சத்தத்தில் மீன் ஏற்கெனவே கல்லுக்கடியில் போயிருக்கும். வெறும் தண்ணீரில் வீசிக்கொண்டிருப்பார். பயந்த டிரவுட் வெளியே வந்து மறுபடி தன் இடத்தில் நிற்கச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அந்த நிமிஷங்களைத் தனக்கு வாங்கித் தருவது ஷேருதான் என்கிறார். நாய் அடங்கும்போது மடுவும் அடங்கியிருக்கிறது. தவிர, விடியலில் சிறுத்தை நடமாட்டம் உண்டு; இலையுதிர் காலத்தில் சோளக்கொல்லைக்குக் கரடி வரும். குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு முதுகுப் பக்கம் ஒரு காவல் வேண்டும்தானே.

முதலில் மேலே மிதக்கும் பூச்சி இல்லை. அடியில் உருளும் பூச்சி. அவர் ஓடையில் கைவிட்டு ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுகிறார். அடிப்பக்கம் முழுக்க ஜீவன். தட்டையாக ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும் மேஃப்ளை இளம்பூச்சிகள். மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கொரு குழாய் வீடு கட்டிக்கொண்ட காடிஸ் புழு. இரட்டை வாலோடு ஒரு ஸ்டோன்ஃப்ளை. இவை எல்லாமே சுத்தமான, பிராணவாயு மிகுந்த நீரில் மட்டும் வாழ்பவை. ஆய்வுக்கூடம் இல்லாமலே நதியின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடும் சாட்சிகள். கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழாக வைக்கிறார்.

அவருடைய பெட்டியில் இதற்கு ஈடு, கோழிக் கொண்டை அளவுகூட இல்லாத ஒரு பழுப்பு உருண்டை. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் செப்புக் கம்பியும் மட்டுமே. இங்கிலாந்தின் ஏவன் நதியில் காவல்காரராக இருந்த ஃபிராங்க் சாயர் கண்டுபிடித்தது. நூலும் கட்டாமல் கம்பியாலேயே சுற்றிவிட்டார் மனிதர்.

மூன்றாவது மடுவில் நூல் ஒரு கணம் நிற்கிறது. நின்றதென்று நமக்குத் தெரிவதற்குள் அவர் மணிக்கட்டு உயர்ந்துவிட்டது. கழி, கைப்பிடிக்குச் சற்று மேலேயிருந்தே வளைகிறது. மெல்லிய கழியின் சுகம் இதுதான்: கால் கிலோ மீன்கூடக் கன்றுக்குட்டி மாதிரி இழுக்கும். பாறை மேல் ஷேரு தலையைத் தூக்குகிறது, எழவில்லை. பின்னங்கால் மட்டும் நடுங்குகிறது.

ஒரு நிமிஷத்துக்குள் மீன் காலடிக்கு வந்துவிட்டது. பழுப்பு டிரவுட். வயிறு வெண்ணெய் நிறம். விலாவில் கறுப்புப் பொட்டுகள், நடுவே வெள்ளை வளையமிட்ட சிவப்புப் பொட்டுகள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அவர் கையை முதலில் தண்ணீரில் நனைக்கிறார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு போய்விடும். அது போனால் பூஞ்சை பிடிக்கும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் குறடால் முன்பே நசுக்கி வைத்திருக்கிறார். அதனால் ஒரு திருகில் கழன்றுவிடுகிறது. மீனின் முகத்தை ஓட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடிக்க, செவுள் நாலு முறை திறந்து மூட, வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போயே போய்விட்டது. தண்ணீரைவிட்டு மீன் வெளியே வரவே இல்லை.

அல்ட்ராலைட் பிரியர்கள் தங்களை நதிக்கு ரொம்ப நல்லவர்களாகக் காட்டிக்கொள்வது உண்டு. முழுக்க நம்ப வேண்டியதில்லை. மெல்லிய நரம்பு அறுந்துவிடும் என்று பயந்து, ஐந்து, பத்து நிமிஷம் மீனை விளையாடவிட்டு ரசிப்பவர்களும் இவர்களில்தான் இருக்கிறார்கள். அப்படி ஓய்ந்துபோன மீன் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும், பிறகு சாகலாம். வெயில் ஏறி நீர் சூடான நாளில் அந்த அபாயம் இன்னும் அதிகம். கருவி இலேசாக இருப்பது வேறு. கை இலேசாக இருப்பது வேறு. இவர் சீக்கிரம் இழுத்து, சீக்கிரம் விடுகிறார். மே, ஜூன் பிற்பகல்களில் தூண்டிலைத் தொடுவதில்லை.

பிடித்ததைத் தின்ன வேண்டாமா? அரசின் உரிமச் சீட்டு வாங்கியவர் குறிப்பிட்ட அளவு மீன் எடுத்துப் போகலாம். ஆனால் மணாலி, குலு ஓட்டல்களில் தட்டில் வரும் டிரவுட் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வானவில் டிரவுட். 1980-களின் கடைசியில் பட்லிகுஹலில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய முயற்சி, இன்று தனியார் பண்ணைகளாகக் கிளைவிட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு அது இருக்கிறபோது நதியிலிருந்து எதற்கு என்பது அவர் கட்சி.

இத்தனை செல்லம் கொடுக்கப்படும் இந்த மீன் இந்த மண்ணைச் சேர்ந்ததே அல்ல. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய எஃப்.ஜே. மிட்செலின் முயற்சியில், 1899-ல் பிரிட்டனிலிருந்து முதல் தொகுதி முட்டைகள் கப்பலேறின. வழியிலேயே கெட்டன. 1900-ல் வந்த அடுத்த தொகுதி பிழைத்தது. காஷ்மீரிலிருந்து முட்டை கொண்டுவந்து 1909-ல் குலுவின் மஹிலியில் பொரிப்பகம் வைத்தவர் ஜி.சி.எல். ஹோவெல் என்ற ஆங்கில அதிகாரி. தெற்கே கதை இன்னும் பழசு. ஊட்டி ஓடைகளுக்கு டிரவுட் கொண்டுவர மீன் நிபுணர் ஃபிரான்சிஸ் டே 1860-களிலேயே முயன்று தோற்றார், 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே நீலகிரியில் அது வேரூன்றியது. வெள்ளைக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காகக் கப்பலேறி வந்த மீன், அவர்கள் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டது.

தங்கியதோடு நிற்கவில்லை. லார்ஜியில் நின்று பார்த்தால் இது புரியும். அங்கே பியாஸ் நதியோடு சைஞ்சும் தீர்த்தனும் கலக்கின்றன. கலந்த இடத்துக்குக் கீழேயே 126 மெகாவாட் அணை. சைஞ்ச் நதியைத் தடுத்து, சுரங்கம் வழியே நீரைத் திருப்பும் 520 மெகாவாட் பார்வதி மூன்றாம் கட்டத் திட்டம் 2014-ல் இயங்கத் தொடங்கியது. தீர்த்தனோ மேலிருந்து சங்கமம்வரை பெரிய அணை ஏதும் இல்லாமல் வருகிறது. தானாக அப்படி ஆகிவிடவில்லை. தீர்த்தனிலும் அதன் கிளை ஓடைகளிலும் வரிசையாகச் சிறு மின் நிலையங்கள் கட்டத் திட்டங்கள் வந்தன. பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் தலைமையில் ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள்; நீதிமன்றம்வரை போனார்கள். திட்டங்கள் கைவிடப்பட்டன. இந்த நதி டிரவுட்டின் வாழ்விடம், அந்த மீனை நம்பி வரும் பயணிகளால் பள்ளத்தாக்கு பிழைக்கிறது என்பது அவர்களுடைய வலுவான வாதங்களில் ஒன்று. கோயில், குடிநீர், ஆட்டா அரைக்கும் நீர்ச்சக்கரம் என்று சொன்னபோது காதில் ஏறாத விஷயம், சுற்றுலா வருமானம் என்றதும் ஏறியது. வந்தேறி மீன் நதிக்கு ஜாமீன் கொடுத்த கதை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிரவுட் ஆதரவாளர்கள் அதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த நீருக்குச் சொந்தக்காரன் வேறொரு மீன். ஆங்கிலத்தில் பனி டிரவுட் என்று பெயரே தவிர, டிரவுட்டுக்குச் சொந்தமில்லை, கெண்டை ஜாதி. உள்ளூரில் குக்லி. வாய் அடிப்பக்கம் இருக்கும். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். பொய்ப் பூச்சியைச் சீந்துவதே அரிது, ஆகவே துரைமார்களுக்கு அதில் சுவாரசியம் இல்லாமல் போனது. பழுப்பு டிரவுட் அதன் குஞ்சுகளைத் தின்கிறது, இடத்தைப் பிடிக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குக்லியை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களில் சேர்த்திருக்கிறது. அணைகளும் வலைகளும் இதற்குக் காரணம்தான். ஆனால் டிரவுட்டை மட்டும் விடுதலை செய்துவிட முடியாது. 1999-ல் அறிவிக்கப்பட்டு 2014-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய தேசியப் பூங்கா மேலே இருக்க, அதன் வாசலில் ஓடும் நதியில் வந்தேறி மீனைக் கொண்டாடுவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. ஷேருவின் எஜமானர் இதை மறுக்கவில்லை. சின்ன வயதில் பாட்டி சமைத்தது குக்லிதான், டிரவுட் இல்லை என்கிறார். டிரவுட்டை இனி வெளியேற்ற முடியாது. அது இருப்பதால் நதி இருக்கிறது. நதி இருந்தால் குக்லிக்கும் ஒரு வாய்ப்பு. இதுதான் அவர் கணக்கு. சரியான கணக்கா என்பது நதிக்குத்தான் தெரியும்.

பத்து மணிக்கு மேல் மடுக்களின் மீது புகை மாதிரி ஏதோ எழும்புகிறது. மேஃப்ளை. இறக்கையைப் பாய்மரம்போல் நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாக நீரின் மேல் மிதந்து, உலர்ந்து, பறக்கிறது. உடனே அங்கங்கே வளையங்கள். மீன்கள் மேலே வந்துவிட்டன. அவர் பரபரப்பாகிறார், கண்ணாடி, முடிச்சு, மிதக்கும் பூச்சி. அந்த நேரம் பார்த்து ஷேரு எழுந்து நிற்கிறது. உறுமல். கை அசைவுக்கு அடங்கவில்லை.

சிறுத்தை இல்லை. கரையோர வில்லோ மரத்தின் வேரில் சுற்றிக் கிடக்கும் ஒரு தங்கூசி நரம்புச் சுருள். நுனியில் துருப்பிடித்த மூன்று முனை முள், அதில் காய்ந்த ஏதோ இரை. யாரோ இரவில் கட்டிவிட்டுப் போனது. அவர் கழியைப் பாறையில் சாய்த்துவிட்டுப் போகிறார். முந்தைய வருடம் இதே மாதிரி முள் ஒன்று ஷேருவின் முன்பாதத்தில் ஏறி, பிசிறு உள்ளே மாட்டி, பஞ்சார்வரை தூக்கிக்கொண்டு போய் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வாசனை எங்கே வந்தாலும் நாய் நின்றுவிடுகிறது. அவர் நரம்பை வேரிலிருந்து பிரித்துச் சுற்றிப் பையில் போட்டு முடிக்கக் கால் மணி நேரம். பூச்சிகள் பறந்து முடிந்து, வளையங்கள் அடங்கிவிட்டன.

அவருக்கு அதில் வருத்தம் தெரியவில்லை. நரம்பும் முள்ளும் சின்னத் திருட்டு. பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும், மின்கம்பியிலிருந்து வயர் இழுத்துத் தண்ணீரில் விடுவதும், வெடி வைப்பதும் மலையோடைகள் பலவற்றில் நடக்கின்றன. ஒரு டப்பா பவுடர் போதும். மீன் மட்டுமல்ல, கல்லுக்கடியில் பார்த்த அத்தனை ஜீவன்களும் காலி. ஆனால் அதையும்விட அவர் பயப்படுவது மண்ணுக்கு. சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடுகிறார்கள். மழை அதை நதிக்குள் இறக்குகிறது. பழுப்பு டிரவுட் குளிர் தொடக்கத்தில் கூழாங்கல்லுக்கு நடுவே குழி பறித்து முட்டையிடும். முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும்; அதுவரை கல்லிடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் மூடினால் முட்டை மூச்சடைத்துவிடும். 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்து குலு மாவட்டத்தில் பாலங்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. லார்ஜி மின் நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது. அதற்குப் பிந்தைய மழைக்காலங்களும் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவர் முதலில் பார்ப்பது மீனை அல்ல; கல்லைப் புரட்டி, அடியில் பூச்சி இருக்கிறதா என்று.

பூங்கா எல்லை நெருங்குவதற்கு முன்பே திரும்பிவிடுகிறார். காட்டு விலங்குகள் இருக்கிற இடத்தில் நாய்க்கு வேலை இல்லை என்பது அவர் கொள்கை. நாலு மணி நேரத்தில் கணக்கு: மூன்று மீன், மூன்றும் திரும்ப நதிக்கே. பையில் இருப்பது அந்தத் தங்கூசிச் சுருளும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும். ஷேருவுக்கு மீதி அரை ரொட்டி.

நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசிவரை டிரவுட் பிடிக்கத் தடை. மீன்கள் முட்டையிடும் காலம். பனி விழுந்து தோட்ட வேலையும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் அவர் தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்குப் பூச்சி கட்டுகிறார். செப்புக் கம்பி பழைய மோட்டாரிலிருந்து. இறகு, வீட்டுச் சேவல் உதிர்த்தது. உடம்புப் பகுதிக்கு முயல் ரோமம் வேண்டும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. அவருக்குத் தேவையில்லை. வெயில் காலத் தொடக்கத்தில் ஷேருவின் உள்ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். சீப்பால் வாரி ஒரு டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். விரலில் முறுக்கி முள்ளில் சுற்றினால் தண்ணீரில் நன்றாக மிதக்கிறதாம். அன்று காலை இரண்டாவது மீன் கவ்வியது அதில் ஒன்றைத்தான்.